பதினேழாம் நம்பரின் கடைசி முப்பத்திரண்டு விநாடி

பாக்கியசாமிக்கு வயது ஐம்பத்தாறு. தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற வேலை. கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஏழாம் மாடியில் வீடு. பாலத்தில் எப்போதும் ஜாம் என்பதால் தினமும் மோட்டோ பைக்கோடு பெர்ரியில் ஏறிக் கடல் தாண்டுவார். இவ்வளவுதான் என்றால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதர் ஒரு முப்பத்திரண்டு விநாடிக்காகப் பதினைந்து வருடம் கோபமாக இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் தூக்கம் வராது.

அவர் யூஃபோனியம் வாசிக்கிறவர். அது என்னவென்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "டூபாவுக்குத் தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பள்ளிக்கூட பேண்டில் சேரும்போது அவர் கேட்டது டிரம்பெட். வாத்தியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கை நீளமா இருக்கு" என்று சொல்லி இந்தப் பெரிய பித்தளைச் சுமையை மடியில் வைத்துவிட்டார். கை நீளமாக இருப்பது ஒரு குற்றம் போல அன்றைக்கு அவருக்குப் பட்டது. ஆனால் ஒரு மாதத்தில் அதன் சத்தம் பிடித்துப்போனது. அதன்பிறகு டிரம்பெட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜார்ஜ் டவுனில் அவருடைய ஆலயத்துக்கென்று ஒரு பேண்டு உண்டு. இருபத்திரண்டு பேர். கிளார்க், நர்சு, லாரி ஓட்டுநர், கணக்கு வாத்தியார் என்று எல்லாரும் கலந்த கூட்டம். வருடத்தில் அவர்களுக்குப் பெரிய நாள் ஒன்றுதான்: ஜனவரி மாதத்துச் செபஸ்தியார் திருவிழா ஊர்வலம். பேண்டு மாஸ்டர் டெரன்ஸ், காப்புறுதி முகவர். டிரம்பெட் போன்ற சின்னக் கார்னெட் வாசிப்பவர். யாரிடமும் எதையும் இனிப்பாகப் பேசி விற்றுவிடுவார். பாக்கியசாமியைவிட நான்கு வயது இளையவர் என்பதால் மரியாதையாக "அண்ணே" என்பார். அந்த அண்ணேவுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் "முடியாது" என்பதாக இருக்கும்.

பதினைந்து வருடத்துக்கு முன் டெரன்ஸ் பேண்டு மாஸ்டரானதும் செய்த முதல் காரியம், எங்கிருந்தோ, நடந்துகொண்டே வாசிக்கிற ஒரு மார்ச்சைக் கொண்டுவந்து மார்ச் புத்தகத்தில் பதினேழாம் நம்பராகச் சேர்த்ததுதான். ஜெராக்ஸ் எடுத்தவர் மேல் ஓரத்தை வெட்டிவிட்டதால் அதன் பெயரோ, எழுதியவர் பெயரோ யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அது "பதினேழு". எழுதியவன் யாராக இருந்தாலும் கல்நெஞ்சக்காரன். மனிதர்கள் இதை வெயிலில் நடந்துகொண்டே வாசிக்கப்போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாதோ, தெரிந்துதான் செய்தானோ.

பதினேழுக்கு நான்கு பகுதிகள். முதல் இரண்டு பகுதிகளும் கார்னெட்காரர்களின் கொண்டாட்டம். யூஃபோனியத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை, கார்னெட் பாடும்போது அடியில் நின்று தலையாட்டுவது போலச் சில நோட்டுகள். மூன்றாம் பகுதியில் ஸ்கேல் மாறி, எல்லாரும் கொஞ்சம் அடங்கி மெதுவாக வாசிப்பார்கள். நான்காம் பகுதிதான் விஷயம். கார்னெட்டுகள் ஒரு பெரிய மெட்டை நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்கு அடியில் யூஃபோனியம் தனியாக ஓடவேண்டும். காலடி ஒன்றுக்கு நான்கு நோட்டு வீதம் ஏறி, இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி, முப்பத்திரண்டு விநாடியில் இருநூற்றுப் பதினொரு நோட்டுகள். மூச்சு வாங்க இரண்டே இரண்டு இடம். நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் த-க-த-க என்று தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வாத்தியத்தின்மேல் கிளிப்பில் செருகிய சீட்டு நடக்க நடக்கக் குதிக்கும், எழுத்து ஒன்றும் தெரியாது. அதனால் மனப்பாடமாக வாசித்தால்தான் உண்டு.

பாக்கியசாமி அதை மனப்பாடம் செய்ய மூன்று வருடம் ஆயிற்று. பெர்ரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வலக்கையின் மூன்று விரல்களும் கம்பிமேல் தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் வாத்தியத்தின் வாய்க்குள் குளியல் டவலைத் திணித்து வாசிப்பார். அப்படியும் பக்கத்து வீட்டுச் சந்திரிகா ஒருநாள் கதவைத் தட்டி, "அண்ணே, உங்க வீட்டுக்குள்ள கப்பல் ஏதும் வருதா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு டவல்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்றால், ஒன்றுமில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊர்வலத்தில் முன்னால் பேண்டு, நடுவில் எட்டுப் பேர் தோளில் செபஸ்தியார் சப்பரம், பின்னால் சனங்கள். ஜெபமாலையை மெகாபோனில் நடத்துபவர் ஜோவான் டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எழுபது வயதிலும் அவர் திரும்பிப் பார்த்தால் பேசுகிறவன் வாயை மூடிக்கொள்வான். ஊர்வலத்துக்கென்றே ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்திருப்பார். எந்தச் சந்தில் எந்தப் பாட்டு, எந்த முனையில் எந்த ஜெபம் என்று எல்லாம் அதில் நிமிடக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குப்படி, பத்து அருள்நிறை மரியே ஜெபம் முடிந்ததும் பேண்டுக்கு ஒன்றரை நிமிடம். பிறகு அடுத்த பத்து. பதினேழாம் நம்பரை முழுக்க வாசிக்க மூன்று நிமிடம் பத்து விநாடி வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும். டிரம் கடகடவென்று உருளும், டெரன்ஸ் கார்னெட்டைத் தூக்கிக்கொண்டு முதல் பகுதியை ஊதுவார், இரண்டாம் பகுதியை ஊதுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். இரண்டாம் பகுதி முடியப்போகிற இடத்தில் மெகாபோன் கரகரக்கும். டெரன்ஸ் கையை மூடிக்காட்டுவார். பேண்டு நின்றுவிடும். பாக்கியசாமி உதட்டைத் துடைத்துக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பிப்பார். ஊர்வலம் முடிந்து ஆலய வாசலுக்கு வந்தால் கீதம்தான் வாசிக்கவேண்டும், மார்ச் கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். சாவு வீட்டில் மார்ச்சே மெதுவானது. பதினைந்து வருடத்தில் பதினேழின் நான்காம் பகுதியைப் பயிற்சி அறையின் நான்கு சுவர்களைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை.

"கேக்காட்டி போகட்டும்லா அண்ணே, பிராக்டிஸ்ல வாசிக்கிறோம்ல" என்பார் டெரன்ஸ். அவருக்கென்ன, அவருடைய பகுதியைத்தான் ஊரே கேட்கிறதே.

போன நவம்பரில் பாக்கியசாமியின் முன்பல் ஆடத் தொடங்கியது. மேல்வரிசையில் நடுப்பல், அதன் பக்கத்துப் பல்லும். பல் மருத்துவர் டாக்டர் ஃபஸீலா எக்ஸ்ரேயை விளக்கில் காட்டினார்.

"வேர் ரெண்டும் போச்சு அங்கிள். எடுத்துத்தான் ஆகணும். பொய்ப்பல் வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கிட்டா ஊத முடியுமா?"

"மெதுவா ஊதுற பாட்டெல்லாம் ஊதலாம். ஆனா இந்த ஸ்பீடா நாக்கு தட்டுறது, மேல் நோட்டு, அதெல்லாம் பழையபடி வராது. நான் பொய் சொல்ல விரும்பல."

பாக்கியசாமி நாற்காலியில் சாய்ந்தபடி, ஜனவரி ஊர்வலம் முடிகிறவரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். கடினமாக எதையும் கடிக்கவேண்டாம், வலித்தால் உடனே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் ஒப்புக்கொண்டார். ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை. பல் எடுப்பது அதற்கடுத்த செவ்வாய்.

மனைவி லீனாவுக்கு மட்டும்தான் இது தெரியும். லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவள். "டெரன்ஸ்கிட்ட சொல்லுங்க, டீச்சர்கிட்ட சொல்லுங்க. பல்லு போகப்போகுதுன்னா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க?" என்றாள். அவருக்கு அதுதான் பிடிக்கவில்லை. நோயாளிக்கு ஆரஞ்சு கொண்டுவருவது போல அந்த முப்பத்திரண்டு விநாடியைத் தனக்கு யாரும் கொண்டுவந்து தரக்கூடாது. அது நல்ல சங்கீதம், அதற்காகவே வாசிக்கவேண்டும். இந்த வீம்பைத் தவிர அவரிடம் பெரிய குறை எதுவும் சொல்வதற்கில்லை.

முதலில் ஜோவான் டீச்சரிடம் போனார். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றவரிடம், ஒரே ஒரு முறை பேண்டுக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார்.

டீச்சர் நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். "தம்பி, போலீஸ் நமக்குக் குடுத்திருக்கிறது நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள சப்பரம் உள்ள வந்துடணும். நான் எதை வெட்டறது? விசுவாசப் பிரமாணத்தையா?"

"இல்ல டீச்சர், ஒரு பாட்ட..."

"பாட்டு சனங்களுக்கு. நீங்க வாசிக்கிறது யாருக்கு?"

இதற்குப் பதில் சொல்லப் பாக்கியசாமிக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் டீச்சருடைய முகத்துக்கு எதிரே நின்று பதில் சொன்னவர்கள் அந்த ஆலயத்தில் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து லீனாவிடம் அரை மணி நேரம் பதில் சொன்னார்.

அன்று மாலை ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் சேர்ந்தால் ஒரு நிமிடம் இருபத்தெட்டு விநாடி. டீச்சர் கொடுக்கிற ஒன்றரை நிமிடத்தில் இரண்டு விநாடி மிச்சமே வருகிறது. யாரிடமும் கெஞ்சவேண்டாம். மூன்றாம் பகுதியிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

டெரன்ஸ் இதைக் கேட்டதும் கார்னெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, மார்ச்ச நடுவுலேருந்து ஆரம்பிக்கிறதா? மோர் சோத்த மொதல்ல சாப்புட்டுட்டு எந்திரிக்கிற மாதிரி இருக்கு."

"அஞ்சு எடவேளை வருது. அதுல ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடு. நாலாவது பத்து முடிஞ்சதும் வர்றது. நீளமான ரோடு, வளைவு கிடையாது."

"ஸ்கேல் வேற மாறுது. ஆளுங்க கொழம்பிடுவாங்க."

"பிராக்டிஸ் பண்ணினா கொழம்ப மாட்டாங்க."

"சூசா லா அண்ணே, கஷ்டம்."

"பதினஞ்சு வருஷமா உனக்குக் கீழ நின்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன் டெரன்ஸ். ஒரு தடவ நீ எனக்குத் தலையாட்டு."

பாக்கியசாமி அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கிளாரினெட் துடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். டெரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, ஒரு தடவதான்" என்றார். விற்றே பழகியவர், அன்றைக்கு வாங்கிக்கொண்டார்.

ஆறு வியாழக்கிழமைகள் பயிற்சி செய்தார்கள். டெரன்ஸ் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். "ஒன், டூ" என்பார். எல்லாரும் மூன்றாம் பகுதியில் இறங்குவார்கள். முதல் வாரம் தடுமாறினார்கள், இரண்டாம் வாரம் சமாளித்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சுத்தமாக வந்தது. நான்காம் பகுதியில் கார்னெட்டுகள் மேலே இழுக்க, பாக்கியசாமி அடியில் ஓடுவார். ஆடுகிற பல் உள்ளே நறுக்கென்று வலிக்கும். வாசித்து முடித்ததும் நாக்கில் லேசாக இரத்தம் கரிக்கும். அதை யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொள்வார். மனசு நிறைந்திருக்கும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டிரம்காரர்கள் மட்டும் வரவில்லை. மூன்று பேரும் ஒரே தொழிற்சாலையில் வேலை, வியாழக்கிழமை மாலை ஷிப்ட். அவர்கள் எந்த வருடமும் பயிற்சிக்கு வந்ததில்லை. அவர்கள் வாசிப்பதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? ஊர்வலத்தன்று நேரே வந்து பட்டையை மாட்டிக்கொள்வார்கள். டெரன்ஸ் அவர்களுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். "ஓகே, எப்பவும் போல உருட்டிக் குடுக்கிறோம், நீங்க எங்க வேணும்னாலும் ஆரம்பிச்சுக்குங்க" என்றார்கள். அதில் தப்புக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. பாக்கியசாமிக்கும் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே கால். ஜனவரி வெயில் தார்ச்சாலையிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தொப்பிக்குள் வியர்வை. சப்பரம் ஆலயத்தை விட்டு வெளியே வந்தது. சுற்றுலாப் பயணிகள் போனைத் தூக்கினார்கள். முதல் மூன்று இடைவேளைகளிலும் வேறு மார்ச்சுகளை வாசித்தார்கள். பாக்கியசாமி அவற்றை ஒப்புக்கு ஊதி உதட்டைக் காப்பாற்றிக்கொண்டார். சூலியா ஸ்ட்ரீட்டைத் தாண்டி அந்த நீளமான சாலைக்குள் திரும்பியதும் நான்காவது பத்து ஆரம்பமாயிற்று. அவர் ஜெபம் சொல்லவில்லை. நாக்கால் பல்லை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். இன்றைக்குத் தாங்கு, செவ்வாய்க்கிழமை உன்னை விட்டுவிடுகிறேன் என்று அதனிடம் சொன்னார்.

பத்தாவது மரியே முடிந்தது. டெரன்ஸ் கையைத் தூக்கினார். மூன்று விரல். ஒருவர் விடாமல் எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் தலையசைத்தார்கள். டெரன்ஸ் டிரம்காரர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

டிரம் உருண்டது.

என்ன நடந்தது என்று அந்த இருபத்திரண்டு பேரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பதினைந்து வருடமாக அந்த உருட்டலைக் கேட்ட மறுவிநாடி அவர்களுடைய வாயும் விரலும் பதினேழின் தலைக்குப் போய்ப் பழகியிருந்தன. ஆறு வாரமாக "ஒன், டூ" என்று வாயால் சொல்லித்தான் மூன்றாம் பகுதிக்குள் இறங்கியிருந்தார்கள். டிரம் உருட்டலிலிருந்து யாரும் அங்கே போனதில்லை. மூளைக்குத் தெரிந்தது உதட்டுக்குத் தெரியவில்லை. டெரன்ஸ், மூன்று விரலைத் தூக்கிக் காட்டிய அதே டெரன்ஸ், முதல் பகுதியை முழங்கினார். கார்னெட்டுகள் அவர் பின்னால் போயின. டிராம்போன் போயிற்று, டூபா போயிற்று.

மூன்றாம் பகுதியில் சரியாக இறங்கியவர்கள் நான்கே பேர். இரண்டு கிளாரினெட், ஒரு ஹார்ன், பாக்கியசாமி. இரண்டு ஸ்கேல்களும் மோதிக்கொண்டு கிளப்பிய சத்தத்தில் நடைபாதையில் நின்ற ஒரு நாய் எழுந்து போனது.

பேண்டில் ஒரு விதி உண்டு. டெரன்ஸே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்: கூட்டம் தப்பான இடத்துக்குப் போனால் நீயும் அங்கே போய்விடு, சரியாக வாசிக்கிறேன் என்று ஒருத்தன் தனியாக நிற்கக்கூடாது. நல்ல விதிதான். கிளாரினெட் இரண்டும் நாலு அடி வைப்பதற்குள் அங்கே தாவிவிட்டன. ஹார்னும் போய்விட்டது.

பாக்கியசாமி போகவில்லை.

போகக்கூடாது என்று அவர் முடிவெடுத்தார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு வந்தது வெறும் ஆத்திரம். பதினைந்து வருடம், இரண்டு டவல், ஆறு வியாழக்கிழமை, இரத்தக் கரிப்பு எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து எழுந்தது. அத்தனை காற்றையும் அவர் வாத்தியத்துக்குள் விட்டார். டெரன்ஸ் நடந்துகொண்டே திரும்பிக் கண்ணை உருட்டினார். பாக்கியசாமி அவரைப் பார்க்காமல் எதிரே இருந்த சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு ஊதினார். முதல் பகுதியின் முடிவில் டெரன்ஸ் வேறு வழியில்லாமல் கையை மூடிக்காட்டினார். பேண்டு நின்றது.

டிரம் நிற்கவில்லை. டிரம்காரர்களுக்கு வேறொரு விதி உண்டு. சப்பரம் தூக்குகிறவர்கள் அந்தத் தாளத்துக்குத்தான் கால் வைக்கிறார்கள், என்ன ஆனாலும் அதை நிறுத்தக்கூடாது. ஆக, தெருவில் மீதமிருந்தது மூன்று டிரம்களும் ஒரு யூஃபோனியமும்.

நான்காம் பகுதிக்குள் அவர் தனியாகப் போனார். மேலே கார்னெட் இல்லை, மெட்டு இல்லை. அந்த மெட்டுக்கு அடியில் ஓடவேண்டிய நோட்டுகள் மட்டும் ஓடின. மெட்டைத் தெரியாதவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு ஆள் படிக்கட்டில் எதையோ தொலைத்துவிட்டு மேலும் கீழும் ஓடித் தேடுவது போலத்தான் கேட்டிருக்கும். ஆனால் பாக்கியசாமிக்கு மெட்டு உள்ளே கேட்டது. முதல் மூச்சு, சரியான இடத்தில். பல் நறுக்கென்றது. இரண்டாவது மூச்சு. அந்தக் கடைசி ஏற்றம், பயிற்சியில்கூட இரண்டு தடவைக்கு ஒரு தடவை வழுக்குகிற இடம், வழுக்காமல் ஏறி நின்றது. இருநூற்றுப் பதினொன்று. ஒன்றுகூட விழவில்லை. கடைசி நோட்டை அவர் விட்டதும் மெகாபோன் கரகரத்தது. டீச்சர் ஐந்தாவது பத்தை ஆரம்பித்தார்.

ஊர்வலம் முடிந்து ஆலய வளாகத்தில் மீஹூன் நூடுல்ஸ் பொட்டலமும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியசாமி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல் இருக்கிற நிலையில் மீஹூனைக்கூடக் கடிக்கமுடியாது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"பரவால்ல அண்ணே. வெயிலு அப்படி."

"ஒங்களுக்கு மட்டும் சீட்டு மாறிப்போச்சா அண்ணே?"

"எங்க மாமாவுக்கும் இப்படித்தான், பிரஷர் ஏறுனா ஒண்ணும் புரியாது. ஒரு தடவ செக் பண்ணிடுங்க."

ஒருவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதைத்தான் பாக்கியசாமியால் தாங்கமுடியவில்லை. நான்தான் சரியாக வாசித்தேன் என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் பிரஷர் என்பது உறுதியாகிவிடும்.

டெரன்ஸ் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னோடதுதான் அண்ணே. டிரம் உருண்டுச்சு, வாய் தானா போயிடுச்சு."

"தெரியும்."

"நீங்க கடைசி வரைக்கும் போனீங்களா?"

"போனேன்."

"எல்லா நோட்டும் வந்துச்சா?"

பாக்கியசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீ முன்னாலதானே நின்னே. நீ கேக்கலையா?"

டெரன்ஸ் தொப்பியைக் கையில் சுற்றினார். "இல்லண்ணே. ஃபாதர் என்ன சொல்லுவாரு, டீச்சர் என்ன சொல்லுவாங்கன்னு அதையே நெனச்சிக்கிட்டு... சத்தியமா ஒண்ணும் காதுல விழல."

அந்தத் தெருவில் அந்த நோட்டுகளை எண்ணிப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் டெரன்ஸ்தான். பாக்கியசாமி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கை வாத்தியத்தின்மேல் இருந்தது.

லீனா தேநீரோடு வந்து நின்றாள். அவள் சப்பரத்துக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி வந்தவள். அவளாகவே சொன்னாள். "பாதி கேட்டுச்சு. அப்புறம் ஒரு பஸ்ஸு வந்து ஹார்ன் அடிச்சிட்டான். கேட்ட பாதி சரியா இருந்துச்சு."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பாதி என்றால் பாதிதான்.

அப்போது ஜோவான் டீச்சர் அவர்களை நோக்கி வந்தார். பாக்கியசாமி எழுந்து நின்றார், டெரன்ஸும் எழுந்தார். டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் புதிதாக இருந்தது.

"ஒக்காரு தம்பி. நான் ஒண்ணும் திட்ட வரல."

"டீச்சர், அவரு தப்பா வாசிக்கல" என்றாள் லீனா. "மத்தவங்கதான் வேற எடத்துலேருந்து ஆரம்பிச்சிட்டாங்க."

டீச்சர் சிரித்தார். "நல்லது. வீட்டுக்காரர விட்டுக்குடுக்கக் கூடாது."

டெரன்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் கையைக் காட்டியதும் மூடிக்கொண்டார். டீச்சர் பாக்கியசாமியின் பக்கம் திரும்பினார். "நீ அன்னிக்கு என்கிட்ட வந்து கேட்ட. நான் மாட்டேன்னுட்டேன். அதனாலதான் அவசர அவசரமா எங்கேயோ வெட்டி ஒட்டி வாசிக்கப் பாத்திருக்கீங்க, அது இப்படி ஆயிடுச்சு. எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. போலீஸ்ல பேசிக்கிறேன், அஞ்சு நிமிஷம் கூடக் கேட்டா குடுப்பாங்க."

கைப்பையிலிருந்து அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். பேனாவின் மூடியைத் திறந்து, புத்தகத்தை உள்ளங்கையில் வைத்தபடியே எழுதினார். எழுதியதைப் பாக்கியசாமி பார்க்கும்படி திருப்பிக் காட்டினார். தலைமையாசிரியை கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது. அடுத்த வருடம், நான்காவது பத்துக்குப் பிறகு, பேண்டு, முழு மார்ச், மூன்று நிமிடம் பத்து விநாடி.

"ஒரு வருஷம் முழுசா இருக்கு. நல்லா பிராக்டிஸ் பண்ணிட்டு வா" என்றார் டீச்சர். "நேரம் சரிதானே தம்பி?"

லீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாக்கியசாமி நாக்கைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"சரியா இருக்கு டீச்சர்" என்றார்.